மேட்டூர் திறந்தாச்சா?

"மேட்டூர் தொறந்தாச்சா?"

ஒரு மணி நேரத்தில் இந்தக் கேள்வியைப் பதினேழு தடவை கேட்டார் என் பெரியப்பா. எண்ணினேன். எண்ணியது தப்புதான், ஆனாலும் எண்ணினேன். 2024 ஜூன் மாதக் கடைசி. திருவையாற்றில், அவர் பிறந்து வளர்ந்த வீட்டுத் திண்ணை.

டெல்டாக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மேட்டூர் அணையைக் கட்டி முடித்தது 1934-ல். ஜூன் 12-ம் தேதி அதில் தண்ணீர் திறப்பது வழக்கம். திறந்தால் ஊரெல்லாம் குறுவை. திறக்காவிட்டால் பம்ப்செட் வைத்திருப்பவனுக்கு மட்டும் குறுவை. தஞ்சாவூர்க் குடியானவனுக்கு பொங்கல், தீபாவளி போல ஜூன் 12-ம் ஒரு நாள். 2024-ல் அணையில் தண்ணீர் இல்லை, திறக்கவில்லை.

முதல் மூன்று தடவையும் "இன்னும் இல்லை பெரியப்பா" என்று உண்மையைச் சொன்னேன். மூன்று தடவையும், அந்தச் செய்தியை வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்பவர் போல அவர் முகம் தொங்கிப் போனது. "அப்ப நாத்தங்கால் காஞ்சிடுமேடா" என்றார். நாலாவது தடவை, சமையல்கட்டிலிருந்து அண்ணி குரல் கொடுத்தார். "தொறந்தாச்சு மாமா. கல்லணைக்கு வந்துட்டு இருக்கு."

பெரியப்பா முகம் மலர்ந்தது. ஐந்து நிமிஷம் நிம்மதியாகத் தெருவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "மேட்டூர் தொறந்தாச்சா?"

பெரியப்பாவுக்கு வயது 81. நிலம் குத்தகைக்குப் போய் ஆறு வருஷமாகிறது. ஆனால் தினமும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்துவிடுகிறார். மடை திறக்கவேண்டும், நம் முறை போய்விடும் என்கிறார். ஒருமுறை காவிரிப் படித்துறையில் கண்டுபிடித்தார்கள். இன்னொரு முறை கல்லணை ரோட்டில் வேட்டி இல்லாமல் நடந்துகொண்டிருந்தவரைப் பால்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தோளில் மண்வெட்டி மட்டும் பத்திரமாக இருந்ததாம்.

என்னைச் சென்னையிலிருந்து கூப்பிட்டது அண்ணன். "நீ பத்திரிகைல எழுதறவன். நாலு கேள்வி கேக்கத் தெரியும். நல்ல ஹோமா ஒண்ணு பாத்துச் சொல்லுடா" என்றார். அண்ணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். டாக்டர் இரண்டு முறை தேதி கொடுத்து இரண்டு முறையும் தள்ளிப் போட்டாகிவிட்டது. காரணம், பெரியப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான். அவருக்கு இரண்டு மகள்கள். ஒருத்தி கோவையில், ஒருத்தி சிங்கப்பூரில். இருவருக்கும் ஒரே கருத்து: "அப்பாவ ஹோம்ல போடறதா? ஊரு காறித் துப்பும்."

நானும் அந்தக் கட்சிதான் என்பதைக் கொஞ்சம் வெட்கத்துடன் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பண்ணி, "வீட்ல வச்சுப் பாத்துக்கறீங்களே அண்ணி, நீங்க தெய்வம்" என்று சொல்லிவிட்டு வைப்பவன் நான். அதற்கு அண்ணி ஒன்றும் சொன்னதில்லை.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் வந்த பிரச்னை இல்லை. இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. எண்ணிக்கையில் சுமார் 88 லட்சம். தமிழ்நாட்டில் வயதானவர்கள் அதிகம். 2011 கணக்கெடுப்பிலேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். 'வயசானா மறதி வராதா' என்று நாம் விட்டுவிடுவதால், பாதிக் குடும்பங்களுக்கு வீட்டில் இருப்பது நோய் என்றே தெரிவதில்லை. தெரிந்தவர்கள், முதலில் டாக்டரிடம் போய் வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தைராய்டு குறைவு, பி-12 பற்றாக்குறை, மனச்சோர்வு, எப்போதோ கீழே விழுந்து மூளையைச் சுற்றி உறைந்த ரத்தம் எல்லாமே மறதி வேஷம் போட்டுக்கொண்டு வரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. பெரியப்பாவுக்கு எல்லாம் பார்த்தாகிவிட்டது. அவருக்கு வந்திருப்பது திரும்பிப் போகாத வகை.

மறதி நோய்க்கென்றே தனி இல்லங்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான். கேரளாவில் 1992-லேயே இதற்கென ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். எங்கள் தேடலில் தஞ்சாவூர் பக்கம் தேறியவை மூன்று முதியோர் இல்லங்கள். பேர் வேண்டாம்.

முதல் இல்லம் ஜம்மென்று இருந்தது. வாசலில் பிள்ளையார், உள்ளே கிரானைட், ஏ.சி. வரவேற்பறை, சுவரில் டி.வி. "உங்கப்பாவை நீங்க உங்க போன்லயே இருபத்திநாலு மணி நேரமும் பாக்கலாம் சார்" என்றார் மேலாளர். அண்ணனுக்கு உடனே பிடித்துவிட்டது. எனக்கும்தான். மொஸைக் தரையில் ஒரு தூசி இல்லை. டெட்டால் வாசனை. மூன்றாவது மாடியில் ஒரு ஹால், அதில் பதினான்கு கட்டில், பதினான்கு பேரும் படுத்திருந்தார்கள். சத்தமே இல்லை. மணி காலை பதினொன்று.

"அப்பா நாலு மணிக்கு எழுந்து நடப்பார்" என்றோம்.

"கவலையே படாதீங்க. ஒரு மாத்திரை இருக்கு. ஒன்பது மணிக்குப் படுத்தா காலைல எட்டுக்குத்தான் எழுந்திரிப்பாங்க."

அந்தப் பதினொரு மணி மௌனத்துக்கு அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இந்த 'ஒரு மாத்திரை' பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மனச்சிதைவு போன்ற நோய்களுக்குக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்துகளை, மறதி நோய்க்காரர்களை அடக்கி வைக்க உலகம் பூராவும் கொடுத்து வந்தார்கள். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. பதினேழு ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு 2005-ல் எச்சரித்தது. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இந்த மருந்துகளைக் கொடுத்தால் சாவு அபாயம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. சில நேரம் டாக்டருக்கு வேறு வழி இருக்காது. மனப்பிரமையில் பயந்து நடுங்குகிறவருக்கு, மற்றவரை அடிக்கிறவருக்குக் குறைந்த அளவில், கொஞ்ச நாளைக்கு எழுதுவார். அதைத் தப்பு சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் நடக்கிறார் என்பதற்காக மாத்திரை கொடுப்பது, கயிற்றை வெளியே கட்டுவதற்குப் பதிலாக உள்ளே கட்டுவதுதான். அமெரிக்காவில் 1987-லேயே முதியோர் இல்லங்களுக்கான சட்டத்தில், வசதிக்காகக் கட்டிப்போடக் கூடாது, வசதிக்காக மருந்து கொடுக்கவும் கூடாது என்று இரண்டையும் ஒரே மூச்சில் எழுதினார்கள். நம் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலும், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கட்டலாம், அதுவும் மனநல மருத்துவர் அனுமதியுடன், பதிவேட்டில் எழுதிவைத்து, என்று இருக்கிறது. மனநோய் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் நினைவாற்றல் கோளாறும் வருகிறது.

இரண்டாவது இல்லம் ஓர் அறக்கட்டளையுடையது. மரங்கள், கோயில், பஜனை. பெரியப்பாவுக்கு என்ன நோய் என்று சொன்னதுமே கையைக் கூப்பிவிட்டார்கள். "தன் வேலையைத் தானே செஞ்சுக்கறவங்களை மட்டும்தான் எடுத்துக்கறோம் சார்." பெரும்பாலான முதியோர் இல்லங்களில் இதுதான் விதி. யாருக்கு மிகவும் தேவையோ அவருக்குத்தான் இடமில்லை. ஆனால் அவர்கள் நேர்மையாகச் சொன்னார்கள், அந்த மட்டில் சந்தோஷம்.

மூன்றாவது, கும்பகோணம் ரோட்டில். ரிட்டயரான நர்ஸ் ஒருவர் தன் பழைய ஓட்டு வீட்டில் நடத்துகிறார். பதினொரு பேர். சிமென்ட் தரை. ஒரு மூலையில் மூத்திர வாடை லேசாக அடித்தது. அண்ணன் மூக்கைச் சுளித்தார். நாங்கள் போனது சாயங்காலம் ஆறு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல். நான்தான் வற்புறுத்தினேன். மறதி நோய்க்காரர்களுக்குப் பொழுது சாயும் நேரம்தான் கஷ்ட காலம். படபடப்பு வரும், அழுகை வரும், கிளம்பவேண்டும் என்பார்கள். ஒரு இல்லத்தின் லட்சணம் தெரியவேண்டுமானால் அந்த நேரத்தில் போய் நிற்கவேண்டும். காலை பதினொரு மணிக்கு எல்லா இல்லமும் நல்ல இல்லம்தான்.

அங்கே ஒரே சத்தம். ஒரு பாட்டி கத்திக்கொண்டிருந்தார். ஒரு பெரியவர் கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். ஓர் ஆயா அவர் பக்கத்தில் நின்று, "எங்க போகணும் அய்யா?" என்று கேட்டார். "ஆபீஸுக்கு." "இன்னைக்கு லீவாச்சே. சரி வாங்க, வாசல் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வருவோம்." கையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்கள். அவர் ஆபீஸை மறந்துவிட்டார்.

நர்ஸ் அம்மா இல்லாதபோது அந்த ஆயாவிடம் பேசினேன். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒன்பது வருஷம் என்றார். மாதம் ஓர் ஆயா மாறுகிற இடத்தில் எந்தப் பெரியவருக்கு எது பயம், எது பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? ராத்திரி எத்தனை பேர் டியூட்டி என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "ஒருத்திதான்" என்றார். பதினொரு பேருக்கு ஒருத்தி. அதைக் குறித்துக்கொண்டேன். யாருக்காவது முதுகில் புண் உண்டா என்று கேட்டேன். ஒருவருக்கு இருந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே இருந்தது, ஆறிவருகிறது என்று கூட்டிப்போய்க் காட்டினார்.

பெரியப்பாவின் நாலு மணி விஷயத்தைச் சொன்னேன். ஆயா சிரித்தார். "எங்கப்பாவும் மூணு மணிக்கே எழுந்து போயிடும் சார். யார் வயலுக்கோ தண்ணி பாய்ச்ச. அவரு வந்தா நான் சொல்லிக்கறேன், மடை தொறந்தாச்சு, நான் பாத்துட்டேன், நீங்க படுங்கன்னு."

பெரியப்பா போன்றவர்களின் வயலில் மடை திறந்தவர்கள் உண்மையில் யார் என்பதை அந்த அம்மாள் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அவருக்கு அது குத்தலாகத் தோன்றவில்லை, எனக்குத்தான் சுருக்கென்றது.

காரில் திரும்பும்போது எனக்கு ஓர் உறுத்தல். 'மடை திறந்தாச்சு' என்பது பொய். ஒரு மனிதரிடம் தினமும் பொய் சொல்வதற்குப் பணம் கொடுத்து ஆள் தேடுகிறோமா? நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊரில் ஹோகவெய்க் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 2009-ல் தொடங்கியது. அங்கே குடியிருப்பவர்கள் எல்லோருக்குமே கடுமையான மறதி நோய். தெரு உண்டு, மளிகைக் கடை உண்டு, காபிக் கடை உண்டு. கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் போல நடமாடுகிறவர்களில் பலர் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்கள், வெள்ளைக் கோட்டு கிடையாது. இஷ்டத்துக்கு நடக்கலாம், ஊரின் வாசல் மட்டும் வெளியே திறக்காது. உலகமே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. சிலர், இது ஊரளவுக்கு ஒரு பொய் என்று விமர்சித்தார்கள். நம் வள்ளுவர், குற்றமில்லாத நன்மை வருமானால் பொய்யும் மெய் இருக்கும் இடத்தில் உட்காரலாம் என்று நிபந்தனையோடு அனுமதித்தார். நன்மை யாருக்கு என்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான். 'திறந்தாச்சு' என்பதில் நிம்மதி பெரியப்பாவுக்கு. 'உங்கப்பா நல்லாத் தூங்கறார்' என்பதில் நிம்மதி அண்ணனுக்கும் எனக்கும்.

வீட்டுக்கு வந்ததும் என் நோட்டுப் புத்தகத்தை விரித்து, அண்ணியிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். கேள்விகள்: கட்டிப் போடுகிறார்களா? மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்கிறார்களா? வெளியே நடக்க விடுகிறார்களா? ராத்திரி எத்தனை பேர்? பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு உண்டா? நாள் முழுக்க அவரிடம் யாராவது உட்கார்ந்து பேசுகிறார்களா?

அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "இந்தக் கேள்வியெல்லாம் நம்ம வீட்டப் பத்தி யாராவது கேட்டீங்களா தம்பி?"

நான் விழித்தேன்.

"ராத்திரி எத்தனை பேருன்னு கேட்டீங்களே. இங்க ஒருத்திதான். லீவு ஒரு நாளும் கிடையாது. வாசக் கதவு சித்திரைலேருந்து உள்பக்கம் பூட்டியே கெடக்கு. அவர்கிட்ட உக்காந்து பேச எனக்கு நேரம் ஏது? டி.வி.ய போட்டுவிடறேன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். "துண்டால கட்டிலோட கட்டியிருக்கேன் தம்பி. ரெண்டு தடவை. வயித்து வலி தாங்கல, ஒரு மணி நேரம் படுத்தா தேவலாம்னு இருந்துச்சு. உங்கண்ணனுக்குத் தெரியாது. கையில தடம் விழுந்துடக் கூடாதுன்னு பழைய துண்டா பாத்துக் கட்டினேன்."

அந்த முதல் இல்லத்தில் ஒரு கட்டிலில் துண்டு தொங்கியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்தியிலேயே கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். அண்ணியை என்ன சொல்ல? ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய பெண்ணை, தெய்வம் தெய்வம் என்று சொல்லியே வீட்டில் பூட்டி வைத்தது நாங்கள். அவரும் கட்டப்பட்டுத்தான் கிடந்தார். அந்தத் துண்டு எங்கள் எல்லோருடையதும்.

"வீட்ல வச்சுப் பாத்துக்கணும், வீட்ல வச்சுப் பாத்துக்கணும்கிறீங்க" என்றார் அண்ணி. "அவரு இந்த வீட்ல உக்காந்துகிட்டேதான் 'வீட்டுக்குப் போகணும், என்னைக் கொண்டுபோய் விடுங்க'ன்னு அழுவறாரு. தெனம் சாயங்காலம். எந்த வீட்டுக்குக் கொண்டுபோய் விடறது?"

மறதி நோய்க்காரர் உள்ள வீடுகளில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர்கள் குறைவு. அவர்கள் கேட்பது விலாசத்தை இல்லை. அம்மா இருந்த, தனக்கு எல்லாம் தெரிந்திருந்த, பயமில்லாத ஏதோ ஓர் இடத்தை. எங்கள் ஊருக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. தள்ளாத வயதில் அப்பர் கயிலாயம் பார்க்கவேண்டும் என்று கிளம்பினார். கால் தேய்ந்து, கையால் ஊர்ந்து, அதுவும் முடியாமல் புரண்டு போனார். அங்கே ஒரு குளத்தில் முங்கச் சொன்னார்கள். முங்கி எழுந்தால் திருவையாற்றுக் குளம். கயிலாயத்தை இங்கேயே பார்த்தார் என்கிறது புராணம். சின்ன வயதில் இதை எனக்குச் சொன்னவரே பெரியப்பாதான். அவருக்கு எந்தக் குளத்தில் முங்கினால் வீடு வரும் என்று தெரியவில்லை. ஆனால் திண்ணையில் உட்கார்த்தி வைத்தாலே வீடு ஆகிவிடாது என்பதை அண்ணி எனக்குச் சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் பஞ்சாயத்து. தங்கை ஒரு பிரம்மாஸ்திரம் எடுத்தாள். "அப்பா நல்லா இருந்தப்ப என்ன சொன்னார்? என்னை எங்கயும் அனுப்பிடாதீங்கடா, இந்தத் திண்ணைலதான் என் உயிர் போகணும்னு சொன்னாரா இல்லையா? நாம தலையாட்டினோமா இல்லையா?"

உண்மை. சொன்னார். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

இது அமெரிக்காவில் தத்துவப் பேராசிரியர்கள் சண்டை போட்ட கேள்வி. அல்சைமர் வந்த ஒரு பெண்மணி. பேர் மார்கோ. ஒரு மருத்துவ மாணவர் தினமும் அவரைப் போய்ப் பார்த்துவிட்டு 1991-ல் எழுதினார். கையில் ஒரு துப்பறியும் நாவல் இருக்கும், ஆனால் இன்று ஒரு பக்கம், நாளை சம்பந்தமில்லாத வேறு பக்கம். ஒரே மாதிரி ஓவியத்தைத் திரும்பத் திரும்ப வரைவார். ஆனால் தனக்குத் தெரிந்தவர்களில் இத்தனை சந்தோஷமானவர்கள் குறைவு என்கிறார் மாணவர். ரொனால்ட் டுவொர்க்கின் என்ற சட்டத் தத்துவவாதி 1993-ல் இந்த மார்கோவை வைத்து ஒரு கேள்வி கேட்டார். நல்ல நினைவோடு இருந்த காலத்தில், 'இப்படி ஆகிவிட்டால் என் உயிரைக் காப்பாற்ற வைத்தியம் செய்யாதீர்கள்' என்று அவர் எழுதிவைத்திருந்தால்? நாம் எந்த மார்கோவின் பேச்சைக் கேட்பது? அன்றைய மார்கோவை என்றார் டுவொர்க்கின். வாழ்க்கையை வடிவமைத்தவர் அவர், கடைசி அத்தியாயத்தைத் தீர்மானிக்கும் உரிமையும் அவருடையது. ரெபெக்கா டிரெஸ்ஸர் என்ற சட்டப் பேராசிரியர் மறுத்தார். இதோ எதிரில் உட்கார்ந்திருக்கும், ரொட்டியில் ஜாம் தடவிச் சாப்பிட்டுச் சிரிக்கும் இந்தப் பெண்மணிக்கு என்ன நல்லது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

நான் இதில் டிரெஸ்ஸர் கட்சி. அரைமனதாகத்தான். உயில், சொத்து, எரிப்பதா புதைப்பதா என்பதிலெல்லாம் அன்றைய பெரியப்பா சொன்னதே சட்டம். ஆனால் 'திண்ணையில்தான் உயிர் போகணும்' என்று சொன்ன பெரியப்பாவுக்கு, அந்தத் திண்ணை ஒருநாள் தன் வீட்டுத் திண்ணை என்றே தெரியாமல் போகும் என்று தெரியாது. தன் பேச்சைக் காப்பாற்ற மருமகள் ஒரு துண்டைத் தேட வேண்டியிருக்கும் என்றும் தெரியாது. அவர் சொன்னதன் உள்ளே இருந்தது, 'என்னைக் கைவிட்டுடாதீங்க' என்ற பயம். அந்தப் பயத்துக்குத்தான் நாம் தலையாட்டினோம். கைவிடுவது வீட்டுக்குள் வைத்துக்கொண்டும் நடக்கும். முதல் இல்லத்து ஹாலில் படுத்திருந்தவர்களுக்குப் போனில் நேரடி ஒளிபரப்போடு நடந்துகொண்டிருந்தது.

"அப்படின்னா கேஸ் போடுவேன்" என்றாள் தங்கை. 2007-ம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதில் பெற்றோரைக் கைவிடுகிறவனுக்கு மூன்று மாதம் வரை சிறை உண்டு, மாதப் பராமரிப்புத் தொகையும் வாங்கித் தருவார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்ட மருமகளின் இரவுகளை எந்தத் தீர்ப்பாயத்தில் கணக்குக் கேட்பது? பெரிய மனிதர்கள் வீட்டிலும் இதே கதைதான். ராணுவ அமைச்சராக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸுக்கு அல்சைமர் வந்தபோது, அவர் எங்கே இருப்பது, யார் பார்ப்பது என்று மனைவி ஒரு பக்கம், சகோதரர்களும் தோழியும் ஒரு பக்கமாக 2010-ல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நாட்டையே ரயில் ஸ்டிரைக்கால் ஸ்தம்பிக்க வைத்த அந்த மனிதருக்குத் தன் இஷ்டம் என்ன என்று சொல்லத்தான் முடியவில்லை.

எங்கள் வீட்டில் கோர்ட் வரை போகவில்லை. அண்ணி துண்டு விஷயத்தைத் தானே, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். சிங்கப்பூரில் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

மூன்றாவது இல்லம்தான் என்று முடிவாயிற்று, மூத்திர வாடையோடு. ராத்திரிக்கு இன்னொரு ஆள் போடவேண்டும், அதற்கு ஆகும் சம்பளத்தில் எங்கள் பங்கைச் சிங்கப்பூர் கொடுக்கும் என்று பேசினோம். நர்ஸ் அம்மா யோசித்து ஒத்துக்கொண்டார். டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரை இல்லை என்று எழுதி வாங்கினோம். முதலில் ஒரு மாதம், அண்ணிக்கு ஆபரேஷன் முடிந்து தேறும் வரை. பிறகு பார்க்கலாம். அவருடைய மண்வெட்டியையும் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். பிடியை மட்டும் கொண்டுவாருங்கள் என்றார் அந்த அம்மாள். சரியான பதில்தான்.

ஜூலை இரண்டாவது வாரம் காரில் கூட்டிப்போனோம். தஞ்சாவூர் டாக்டரிடம் காட்டிவிட்டு அப்படியே போவதாகத் திட்டம். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் போகிற அந்தப் பதின்மூன்று கிலோ மீட்டரில் வரிசையாக ஆற்றுப் பாலங்கள். என்னைத் தன் தம்பி, அதாவது என் அப்பா, என்றே நினைத்துப் பேசிக்கொண்டு வந்தவர், ஒவ்வொரு பாலத்திலும் சரியாகச் சொன்னார். காவேரி. குடமுருட்டி. வெட்டாறு. வெண்ணாறு. வடவாறு. ஒன்றுகூடத் தப்பவில்லை. எல்லாவற்றிலும் மணல்தான். "தண்ணி இல்லியேடா" என்றார் ஒவ்வொரு தடவையும். கார் ஓட்டிய அண்ணன் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டார், பின் சீட்டுக்குத் தன் முகம் தெரியாதபடி.

முதல் வாரம் மோசமாகத்தான் போயிற்று. சாப்பிடவில்லை, ஓர் ஆயாவைப் பிடித்துத் தள்ளினார். அண்ணன் திரும்பக் கூட்டிவந்துவிடலாம் என்று இரண்டு முறை காரை எடுத்தார். மூன்றாவது வாரம் தோட்டத்தில் ரோஜாச் செடிக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார் என்று போட்டோ வந்தது. இது சரியான முடிவுதானா என்று என்னைக் கேட்காதீர்கள். அண்ணிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அது தெரியும்.

ஜூலை 28-ம் தேதி மேட்டூர் திறந்தார்கள். கர்நாடகத்தில் கொட்டிய மழையில் அணை மளமளவென்று ஏறிவிட்டது. செய்தியைப் பார்த்ததும் இல்லத்துக்குப் போன் செய்தேன். அந்த ஒன்பது வருஷத்து ஆயாதான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்படியா! இருங்க சார், சொல்றேன்" என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே கூப்பிட்டது கேட்டது. "அய்யா, மேட்டூர் தொறந்துட்டாங்களாம். இன்னைக்கு நெசமாவே தொறந்துட்டாங்க."

பெரியப்பாவின் குரல் தூரத்தில் கேட்டது. "அதான் தெரியுமே. நீ காலைலயே சொன்னியே."

ஆயா சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைக்கப் போகும்போது மறுபடியும் அந்தக் குரல்.

"ஏம்மா, மேட்டூர் தொறந்தாச்சா?"